விதைத்து மூன்றாம் வசந்தம்

லேபர்ப்ளூம்ஷன் என்ற செடிக்குத் தமிழில் பெயர் இல்லை. எங்கள் ஊர் வெயிலில் அது முளைக்காது, முளைத்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு சாண் உயரம்கூட வராது. பூவுக்கு மணம் கிடையாது. காம்பு மெல்லியது, கோர்க்கவும் முடியாது, தலையில் வைக்கவும் முடியாது. ஜெர்மனியில், நான் இருக்கிற லைப்சிக் நகரத்தில், எங்கள் சனத்தில் யாராவது என் தோட்டத்துக்கு வந்தால், "அக்கா, இது கறிக்கு ஆகுமோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகாது, பச்சையாய்க் கடித்தால் வாய் எரியும் என்பேன். அத்தோடு அவர்களுக்கும் அந்தச் செடிக்கும் உள்ள உறவு முடிந்துவிடும், உருளைக்கிழங்குப் பாத்திப் பக்கம் போய்விடுவார்கள்.

நான் அதை முதலில் கண்டது எண்பதுகளின் கடைசியில். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்டில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் போய், அங்கிருந்து ஒரு மலையடிவார ஊரிலிருந்த அகதிகள் இல்லத்துக்கு அனுப்பப்பட்ட முதல் வருடம் அது. இல்லத்துக்குப் பின்னால் காடு. மார்ச் மாதம், மரமெல்லாம் மொட்டை, நிலமெல்லாம் பழுப்பு. இது செத்துப்போன நாடு என்று நான் முடிவே கட்டியிருந்தேன். அப்படி நடந்து போனபோது சருகுக்குள்ளிருந்து நீலமாய் ஒரு பூ, பக்கத்தில் இன்னொன்று, பிறகு பார்த்தால் அந்தச் சரிவு முழுவதும். குந்தி இருந்து கையாலேயே ஒன்றைத் தோண்டத் தொடங்கினேன். நாயோடு வந்த ஒரு கிழவி நின்று ஏசினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் நல்ல ஏச்சு என்பது மட்டும் விளங்கியது. காட்டில் உள்ளதைத் தோண்டக்கூடாது என்று சட்டம் இருப்பது பிறகுதான் தெரியவந்தது.

கல்யாணமாகி, இவருக்கு லைப்சிக்கில் வேலை கிடைத்து, மகளும் பிறந்து, இரண்டாயிரத்து ஒன்றில்தான் எனக்கென்று ஒரு துண்டு நிலம் வந்தது. நகரத்து ஓரத்தில் சங்கம் வைத்து வாடகைக்கு விடுகிற சின்னத் தோட்டங்களில் ஒன்று. பின்வேலிக்கு அப்பால் ரயில் பாதை, பாதி நிலம் ஹாசல் மரங்களின் நிழல். தக்காளி வராத தோட்டம் என்று ஒருவரும் எடுக்காமல் கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு மரக்கறி போட வேண்டும் என்பது சங்கத்து விதி. வெயில் படுகிற பக்கத்தை இவரிடம் விட்டுவிட்டேன். நிழலை நான் எடுத்துக்கொண்டேன். சங்கத்துக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீலம் மட்டும்தான் என்று நினைத்துச் செடிச்சந்தையில் ஒன்று வாங்கியவள் நான். பிறகு வெள்ளை இருப்பது தெரிந்தது. பிறகு ரோஸ், அதிலும் கழுவி வெளிறிய ரோஸும் இருக்கிறது, பீற்றூட் தண்ணீர் நிறமும் இருக்கிறது. ருமேனிய மலைகளில் இருந்து வந்த ஓர் இனம் இரண்டு கிழமை முந்திப் பூக்கும். இலை பெரிது, ஓரம் வெட்டு வெட்டாய் இருக்கும், நட்ட இடத்தில் தானே பரவும், ஒரு நோயும் அண்டாது. இவ்வளவு நல்ல பிள்ளையாய் இருப்பதாலோ என்னவோ எனக்கு அதில் பெரிய ஒட்டுதல் வரவில்லை. இலையில் வெள்ளிப் புள்ளி விழுந்தவை உண்டு. ஜப்பான்காரர் தலைமுறை தலைமுறையாய்த் தெரிந்தெடுத்து வளர்த்தவை தனி உலகம். நடுவில் பச்சை, ஓரத்தில் ஊதா, ஒன்றைப்போல் ஒன்று இராது. அவற்றில் ஒன்றே ஒன்று சட்டியில் வைத்திருந்தேன். இந்த ஊர்க் குளிரில் நிலத்தில் விட எனக்குத் துணிவு வரவில்லை.

பெப்ரவரி கடைசியில் பழைய இலைகளை வெட்டுவேன். போன வருடத்து இலை பனிக்குக் கீழே கிடந்து தோலாகி, கறுத்து, சுருண்டுபோய் இருக்கும். அதை விட்டால் பூ உள்ளே மறைந்து போகும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆனால் வெட்டுகிறபோது கை சறுக்கினால் அடியில் இருக்கிற மொட்டும் சேர்ந்து போய்விடும். மொட்டுகள் பட்டு மயிர் போர்த்துக்கொண்டு மண்ணோடு ஒட்டித் தலை கவிழ்ந்திருக்கும். ஆகவே அந்த வேலையை ஒருவரிடமும் விடமாட்டேன். முழங்காலுக்குக் கீழே சாக்குப் போட்டுக்கொண்டு, நகம் வெட்டுகிற கத்தரிக்கோலால், இலை இலையாய் வெட்டுவேன்.

பூவைப் பார்ப்பதற்கும் நேரம் இருக்கிறது. வெயில் பட்டால்தான் விரியும். முகில் மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும். எனக்கு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் காலை முறை வேலை. முடித்துச் சைக்கிளில் போய்ச் சேர மூன்று மணி, நாலரைக்கு மூடத் தொடங்கிவிடும். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் சாக்கை விரித்து நிலத்தில் குப்புறக் கிடந்து பார்ப்பேன். நின்றுகொண்டு பார்த்தால் அது வெறும் நிறப் புள்ளிதான். அடுத்த தோட்டத்துக்காரி ஒருமுறை நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று ஓடி வந்தாள்.

இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெங்காயத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர். கோடையில் ஒரு செடி நிற்கக் கண்டால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றாமல் இவரது கை நிற்காது. என்னிடம் ரோஸ் நிறத்தில் ஓர் அடுக்குப் பூச்செடி இருந்தது. மகரந்தத் தாள் முழுவதும் இதழாகிவிட்ட இனம், விதை கட்டாது, அதனாலேயே மூன்று கிழமை வாடாமல் நிற்கும். ஒரு ஜூலையில் நான் வேலைக்கு ஓடித்திரிந்த நாட்களில் இவர் அதற்கு ஒருநாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைத்துவிட்டார். வயல் எலி தின்றுவிட்டது என்று என்னிடம் சொன்னார். மூன்று மாதம் கழித்து, குடிலுக்குப் பின்னால் பலகைகளுக்குக் கீழே அந்தச் செடியை அப்படியே கண்டெடுத்தேன். அழுகலைத் தோண்டி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்.

"வாய் திறந்து சொல்லத் தெரியாதோ உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நீர் அழுவீர் எண்டு நினைச்சன்" என்றார்.

அழத்தான் செய்தேன். அழுதுவிட்டு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். கெட்ட செய்தி சொல்ல வராத மனிதர் என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு வேலை செய்து பார்த்தேன். ஜப்பான் செடியின் ஊதா ஓரப் பூவிலிருந்து மகரந்தத்தைச் சின்னத் தூரிகையில் எடுத்து என் வெள்ளைப் பூக்களில் தடவினேன். பூ உதிர்ந்ததும் காம்பு மண்ணைப் பார்த்து வளையும். விதை பச்சையாய் இருக்கும்போதே முற்றிவிடும், தொட்டால் உதிரும். அதன் நுனியில் எண்ணெய் பிடித்த ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், அதற்காகவே எறும்பு வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். பழைய காலுறை நைலோனை வெட்டி ஒவ்வொரு தலைக்கும் பை கட்டி விட்டேன். பத்தொன்பது விதை கிடைத்தது. அதைக் காய வைக்கக் கூடாது, காய்ந்தால் செத்துவிடும். அன்றைக்கே ஒரு மண் தட்டில் விதைத்து, மேலே சல்லி தூவி, ஹாசல் நிழலில் வைத்தேன். அடுத்த வசந்தத்தில் இரண்டு வித்திலை வரும். அந்த வருடம் முழுக்க வேறு ஒன்றும் வராது. அதற்கடுத்த வருடம் ஓர் இலை. மூன்றாம் வசந்தத்தில், அதிர்ஷ்டம் இருந்தால், பூ.

இதை அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் கடைசித் தம்பி, என்னைவிடப் பதினொரு வயது இளையவன். யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருந்தான், மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அரைக் காற்சட்டையோடு பஸ் நிலையத்தில் நின்றவன். இடையில் ஒருமுறைதான், சண்டை ஓய்ந்திருந்த இரண்டாயிரத்து மூன்றில், நாங்கள் போய் அவனைப் பார்த்தோம்.

"மூண்டு வருசமோ அக்கா? ஒரு பூவுக்கோ? அதுக்குள்ளை நான் கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளையும் பெத்திடுவன்" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்த ஆண்டே நாட்டில் திரும்பவும் சண்டை தொடங்கி, பாதை பூட்டி, யாழ்ப்பாணத்தில் மாலையானால் ஊரடங்கு என்று ஆனது. நவம்பரில் ஒருநாள் பின்னேரம் கடை பூட்டி வெளிக்கிட்டவன் வீட்டுக்கு வரவில்லை. அவனது சைக்கிள் மட்டும் பாதி வழியில் ஒரு மதிலோடு சாத்திக் கிடந்தது. ஒரு வேன் வந்து நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னார், பிறகு தான் ஒன்றும் காணவில்லை என்றார். யார் கொண்டுபோனார்கள், எதற்குக் கொண்டுபோனார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஊரில் அப்படிப் போனவர்கள் பலர். அம்மா போகாத முகாம் இல்லை, கொடுக்காத மனு இல்லை.

நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? எழுதத் தெரிந்த இடமெல்லாம் எழுதினேன். தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். கத்தோலிக்கப் பிறவி நான், அப்படியிருந்தும் சோதிடம் சொல்கிற ஒரு சாத்திரியாரிடம் தொலைபேசியில் கேட்டேன். தெற்குத் திசையில் உயிரோடு இருக்கிறான், மூன்று வருடத்தில் வெளியில் வருவான் என்றார். பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரியில் எனக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தது. கர்ப்பப்பையில் கட்டி, நிறைய இரத்தம் போயிருந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்தபோது இவர் என்னை நடத்திய விதம் எனக்கே கூச்சமாக இருந்தது. சூப் வைத்துத் தந்தார், சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டார், நான் ஒன்று கேட்க முன்னமே எடுத்துக் கையில் தந்தார். மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவளும் வீட்டுக்குள் சத்தம் போடாமல் நடந்தாள். என்னை இழக்கப் பார்த்த பயம் இருவருக்கும் என்று எண்ணி உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

மார்ச்சில் அந்தத் தட்டில் பதினொரு விதை முளைத்தது. அதைக் கண்டதும் என் புத்தி கோணலாய்ப் போய்விட்டது. சாத்திரியார் மூன்று வருடம் என்றார், செடியும் மூன்று வருடம் கேட்கிறது. இவை பூக்கும்போது அவன் வருவான் என்று மனதில் முடிச்சுப் போட்டுவிட்டேன். மடத்தனம் என்று தெரியும். இருந்தாலும் வேறு எதைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பது? நத்தை வராமல் தட்டைச் சுற்றிச் செப்புக் கம்பி கட்டினேன். கறுப்புக் குருவி சல்லியைக் கிளறாமல் மேலே வலை போட்டேன். இவரிடம் அந்தத் தட்டைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் வீட்டு மண்டபத்தில் அப்பாவின் படம் சுவரில் தொங்குகிறது. அவர் நான் இங்கு வந்த பிறகு இறந்தவர். படத்துக்கு மாலை போட்டிருக்கிறது, சின்ன மின்விளக்கு ஒன்று எரிகிறது. உயிரோடு இருப்பவர்களின் படங்கள் அலுமாரிக்கு மேலே. அங்கே பூவும் இல்லை, விளக்கும் இல்லை. எங்கள் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். தம்பியின் படம் அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. மாமரத்துக்குக் கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற படம். தூசி தட்டும்போது அதை எடுத்துத் துடைத்து, பழைய இடத்திலேயே வைப்பேன். ஒருமுறை இவர் அதை எடுத்து உள்ளறையில் வைக்கப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் திரும்பவும் கொண்டுவந்து வைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. மழையைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"அம்மா, தம்பியைப் பற்றி ஏதும் தகவல்?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. நீ மன்றாடிக்கொண்டிரு."

"எங்கையாவது அடைச்சு வைச்சிருப்பாங்கள் அம்மா. சண்டை முடிய விடுவாங்கள்."

"ஓம் பிள்ளை."

அதே கேள்வி, அதே பதில். நான் தொலைபேசி எடுக்கிற நேரம் மகள் எழுந்து தன் அறைக்குள் போய்விடுவாள். ஊர்க்கதை கேட்கப் பிடிக்காத பிள்ளை என்று நான் குறைபட்டிருக்கிறேன். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்ச். தட்டிலிருந்து பிரித்து நட்டவற்றில் ஏழு மிஞ்சியிருந்தன, அதில் ஒன்றில் மூன்று மொட்டு. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. தமிழ்க் கடைக்குப் போனால் அரிசி நிறுக்கிறவரும் அழுதார், வாங்க வந்தவரும் அழுதார். வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டால் நிறுத்த மனம் வராது, பார்க்கவும் மனம் வராது. அதற்குள் நான் வேலை முடிந்து ஓடிப்போய்ச் சாக்கைப் போட்டுக் கிடந்து ஒரு மொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாய்த்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

செவ்வாய்க்கிழமை முதற்பூ விரிந்தது. வெள்ளைப் பூ, ஓரத்தில் மெல்லிய ஊதாக் கரை, இதழின் பின்புறம் முழுவதும் ஊதா. மகரந்தத் தலைகள் வெளிறிய ரோஸ். இப்படி ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. புதுச் செடி உண்டாக்கினவருக்குப் பெயர் வைக்கிற உரிமை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது சந்தோசம் தாங்காமல் சொன்னேன்.

"தம்பியின்ரை பேரைத்தான் வைக்கப்போறன். அவன் வந்து பாக்கட்டும், தன்ரை பேரிலை ஒரு பூ நிக்குது எண்டு."

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வேலையில் ஒருத்தி வரவில்லை. அவளது வேலையும் சேர்த்துச் செய்ததில் தோட்டத்துக்குப் போக முடியவில்லை, நேரே வீட்டுக்கு வந்தேன். அலுமாரிக்கு மேலே தம்பியின் படத்துக்கு முன்னால் முட்டை வைக்கிற சின்னக் கிண்ணம் ஒன்று. அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் மூன்று பூ. விரிந்த ஒன்று, அரைவாசி விரிந்த இரண்டு. வெள்ளையில் ஊதாக் கரை.

"என்னடி இது?"

"பூ" என்றாள் மகள்.

"ஆர் வைச்சது?"

"நான்தான் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளிலை போய்..."

முடிக்க விடவில்லை. அறைந்துவிட்டேன். பிள்ளையை அதற்கு முன்னம் கன்னத்தில் நான் அடித்ததில்லை. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன், அது நிலத்தில் விழுந்து உடைந்தது.

"உயிரோடை இருக்கிறவன்ரை படத்துக்கு ஆராவது பூ வைப்பினமோ? விளங்காதோ உனக்கு? எப்பிடி விளங்கும்? இஞ்சை பிறந்து, இஞ்சை வளந்து, ஒண்டும் தெரியாத சென்மமா வந்து நிக்கிறாய். அவனைச் சாகச் சொல்லி வைச்சனியோ?"

அவள் அழவில்லை. குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் குப்பை வாளிக்குள் போட்டாள். பூக்களை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு, அவற்றையும் போட்டாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இவர் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து கேட்டார்.

"பிள்ளைக்கு அடிக்காமல் விட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

"உங்கடை தம்பி எண்டால் இப்பிடிப் பேசாமல் இருப்பியளோ?" என்று கேட்டேன். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். இந்த மனிதருக்கு இரத்தம் ஓடுகிறதா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு படுக்கப் போனேன்.

வியாழனும் வெள்ளியும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. தவக்காலம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போய் வந்தபோது கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியாமல் செய்தாள், தெரியப்படுத்தாதது என் பிழை என்று ஒருவாறு சமாதானம் பண்ணிக்கொண்டேன். சனிக்கிழமை காலை, "தோட்டத்துக்கு வாறியோ?" என்று கேட்டேன். வந்தாள்.

அந்தச் செடியில் மூன்று காம்பு மட்டும் நின்றது. இனி விதை எடுப்பதென்றால் அடுத்த வருடம்தான். அதைப் பார்த்ததும் திரும்பவும் கோபம் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தாள். நான் மண்ணில் குந்தியிருந்தபடி கதைக்கத் தொடங்கினேன்.

"பிள்ளை, நான் உனக்கு அடிச்சது பிழைதான். ஆனா நீ விளங்க வேணும். எங்கடை ஆக்கள் செத்தவையின்ரை படத்துக்குத்தான் பூ வைக்கிறது. உயிரோடை இருக்கிறவைக்கு வைச்சால்..."

"எனக்குத் தெரியும் அம்மா."

"என்ன தெரியும்?"

"படத்துக்குப் பூ வைச்சால் என்ன எண்டு. அம்மப்பான்ரை படத்திலை இருக்குத்தானே."

"அப்ப, தெரிஞ்சுகொண்டோ வைச்சனீ?"

"ஓம்."

பின்வேலிக்கு அப்பால் ஒரு சாமான் ரயில் போயிற்று. அது முழுவதும் போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை ஃபோன் வந்தது. அப்பா கதைச்சவர். பிறகு ஃபோனை வைச்சிட்டு அழுதவர், நான் பக்கத்திலை நிண்டனான். மாமாவைக் கண்டுபிடிச்சிட்டினம் எண்டார். ஒரு பாழ்கிணத்துக்குள்ளை. அம்மம்மா அவர் போட்டிருந்த சேட்டைப் பாத்துத்தான் அடையாளம் சொன்னவவாம். அம்மாக்குச் சுகம் வரட்டும், பிறகு சொல்லுவம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். பிறகு சொல்லேல்லை."

"நீயும் சொல்லேல்லை."

"சத்தியம் பண்ணிட்டன் அம்மா. ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் கேப்பீங்கள். எனக்குக் கேக்க ஏலாது, அதுதான் அறைக்குள்ளை போறனான். அண்டைக்கு அந்தப் பூவுக்கு மாமான்ரை பேர் வைக்கப்போறன், அவர் வந்து பாக்கட்டும் எண்டனீங்கள். அவர் வரமாட்டார்தானே அம்மா. இந்த வீட்டிலை ரெண்டு வருசமா அவருக்கு ஒருத்தரும் ஒரு பூக்கூட வைக்கேல்லை."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. என் சொந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம்தான் வந்தது. பதினொரு வயதில் தொடங்கி அவள் தனியே சுமந்திருக்கிறாள். அதைத் தாங்க முடியாமல் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறக்கி வைத்தாள். அதற்கு நான் கொடுத்தது அறை. ஒன்றும் தெரியாத சென்மம் என்று நான் சொன்ன வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

வெயில் ஏறி, மற்றச் செடிகளில் பூ ஒவ்வொன்றாய் விரிந்தது. நீலம், ரோஸ், வெள்ளை. அன்றைக்கு அவற்றைப் பார்க்க எனக்குக் கண்ணில்லை.

வீட்டுக்குப் போனபோது இவர் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டார். நான் கத்தவில்லை. கத்துவேன் என்று நானே எதிர்பார்த்திருந்தேன்.

"எப்ப சொல்லுறதா இருந்தனீங்கள்?"

"நீர் ஆஸ்பத்திரியாலை வரட்டும் எண்டு பாத்தன். வந்தீர், எழும்பி நடக்கட்டும் எண்டு பாத்தன். பிறகு அந்த விதை முளைச்சுது, நீர் சிரிச்சீர். அதோடை எனக்குச் சொல்ல ஏலாமப் போச்சு." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உம்மடை அம்மாதான் சொன்னவ, என்ரை பிள்ளை அங்கை தனியக் கிடக்கிறவள், உடம்பு தேறாமல் சொல்லாதேங்கோ எண்டு. பிறகு அவவும் நானும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருந்திட்டம்."

எங்கள் சனம் இதைக் காலங்காலமாய்ச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்குச் சாவைச் சொல்லாமல் ஒளிப்பார்கள். சோதனை முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும், விசா வரட்டும் என்பார்கள். மற்றவர்களுக்கு நடந்தபோது நானும், "பாவம், இப்ப சொல்லாதேங்கோ" என்று சொன்னவள்தான். ஒளித்து வைத்த சாவை நானே ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்து விசாரித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அம்மா தன் கையால் மண் போட்ட பிள்ளையைப் பற்றி, நூறு ஞாயிறுக்கு மேல், தகவல் ஒன்றும் இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சண்டை முடிய விடுவார்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் ஓம் போட்டிருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. எடுக்காமல் விட்டால் அம்மா பயந்துவிடுவார் என்று வழக்கமான நேரத்தில் எண்ணை அழுத்தினேன். மகள் அன்று அறைக்குள் போகவில்லை, என் பக்கத்தில் வந்து இருந்தாள். இவர் கதவு நிலையில் நின்றார்.

"சாப்பிட்டனியே பிள்ளை?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. நீங்கள்?"

"சாப்பிட்டன். இஞ்சை சரியான வெக்கை. முழங்கால்தான் எழும்ப விடுகுதில்லை."

"எண்ணெய் போடுறீங்களோ?"

"போடுறன்."

அதற்குப் பிறகு நான் கேட்கிற கேள்வி வரவேண்டிய இடம். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பேன் என்று நினைத்துத்தான் எடுத்தேன், ஆனால் அதற்குப் பதிலாய் என்ன கதைப்பது என்று நினைத்து வைத்திருக்கவில்லை. அம்மாவும் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தார்.

"ஆர் பிள்ளை சொன்னது?" என்று அம்மா கேட்டார்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப இனி நான் அழலாம், என்ன பிள்ளை" என்றார் அம்மா.